ஊசியால் எழுதிய குடும்பப் பதிவேடு: பழைய ஸ்காட்லாந்து சாம்ப்ளர்கள்

இழைகளைக் கண்ணாலேயே எண்ணிவிடக்கூடிய பழுப்புத் துணி, ஏறக்குறைய ஒரு முழச் சதுரம். மேல்பகுதியில் ஆங்கில எழுத்துகள், ஒன்று சிவப்பில், அடுத்தது பச்சையில், கொடிபோல் சுருண்டு சுருண்டு. நடுவில் தோகை விரித்த மயில். கீழே ஒரு வீடு, அதன் முன் புல்வெளி, இரு பக்கமும் மரங்கள், ஒரு நாய். மீதியிருக்கும் இடத்தில் எல்லாம் இரண்டிரண்டாகச் சில எழுத்துகள். ஓரமாக ஒரு சிறுமியின் பெயர், வயது, ஆண்டு.

இப்படி ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்களின் கண் முதலில் மயிலுக்குத்தான் போகும். தவறில்லை, மயில் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் அந்த இரண்டிரண்டு எழுத்துகளிடம் போவார்கள். துணியின் கதை அங்கேதான் இருக்கிறது.

சரி, முதலில் சாம்ப்ளர் என்றால் என்ன? லத்தீனில் மாதிரி என்ற பொருள் தரும் ஒரு சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து தேய்ந்து 'சாம்ப்ளர்' ஆயிற்று. தையல் வகுப்பில் துண்டுத் துணிகளில் சங்கிலித் தையல், ஹெம்மிங், காஜா எல்லாம் தைத்து நோட்டில் ஒட்டியவர்களுக்கு இது புதிதல்ல. மாதிரிப் படங்கள் அச்சில் கிடைக்காத காலத்தில், நல்ல பூவேலையை எங்காவது பார்த்த பெண் அதை மறக்காமலிருக்கத் தன் துணியில் ஒரு மூலையில் தைத்து வைத்துக்கொள்வாள். அந்தத் துணி அவளுடைய குறிப்பேடு. ஆரம்பகால சாம்ப்ளர்கள் நீண்டு குறுகலாக இருந்தன. அவற்றைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து, தேவைப்படும்போது விரித்துப் பார்ப்பார்கள். சுவரில் மாட்டுவதற்கு என்று யாரும் தைக்கவில்லை.

பிரிட்டனில் ஆண்டு பொறித்த சாம்ப்ளர்களில் மிகப் பழையது 1598ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜேன் பாஸ்டாக் என்பவர் தைத்தது, இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது இங்கிலாந்துத் துணி, ஸ்காட்லாந்து அல்ல. ஆனாலும் அதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தாள் என்ற செய்தி அதில் தைக்கப்பட்டிருக்கிறது. பூக்களுக்கும் மிருகங்களுக்கும் நடுவே ஒரு பிறப்புப் பதிவு! துணியில் குடும்பச் செய்தி எழுதும் பழக்கம் அவ்வளவு பழையது. அதை ஒரு மரபாகவே வளர்த்தெடுத்தவர்கள் ஸ்காட்லாந்துச் சிறுமிகள்.

நாம் பேசப்போவது 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டிலும் அங்கே தைக்கப்பட்டவற்றைப் பற்றி. அதற்குள் சாம்ப்ளர் குறிப்பேடு என்ற நிலையிலிருந்து மாறி, பெண் பிள்ளைகளின் பாடவேலை ஆகியிருந்தது. வடிவமும் நீளத்திலிருந்து சதுரத்துக்கு வந்து, சுற்றிலும் ஒரு பூக்கரை சேர்ந்துகொண்டது. தைத்தவர்களுக்குப் பெரும்பாலும் எட்டிலிருந்து பதின்மூன்று வயது. வசதியான வீட்டுப் பெண்கள் மட்டுமல்லர், விவசாயிகள், கைத்தொழில் செய்பவர்கள், சிறு வணிகர்கள் வீட்டுப் பிள்ளைகளும் தைத்தார்கள்.

இதில் எழுத்துகளுக்கு ஏன் இத்தனை இடம் என்று தோன்றலாம். காரணம் சலவை. ஒரு வீட்டின் விரிப்புகள், துவாலைகள், சட்டைகள் எல்லாம் விலை உயர்ந்த சொத்து. மொத்தமாகத் துவைக்கப் போய்த் திரும்பும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டும். நம் ஊர்ச் சலவைக் குறியைப் போல, அங்கே வீட்டுக்காரரின் முதலெழுத்துகளையும் ஓர் எண்ணையும் துணியின் ஓரத்தில் சிறிய கிராஸ் தையலில் போடுவார்கள். எண் எதற்கு என்றால், ஒரே விரிப்பையே திரும்பத் திரும்ப எடுத்துக் கிழித்துவிடாமல் வரிசையாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதற்கு. எழுத்தும் எண்ணும் தைக்கத் தெரிந்த பெண், நாளை மனைவியாகப் போனாலும் வீட்டு வேலைக்குப் போனாலும் உதவுவாள் என்பது அன்றைய கணக்கு. சாம்ப்ளரில் வரும் எழுத்து வரிசையும் எண் வரிசையும் இந்த வேலைக்கான பயிற்சி.

பெரிய இடத்து வேலைக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பிரபுக்கள் வீட்டுத் துணிகளில் எழுத்துக்கு மேல் அவரவர் அந்தஸ்துக்கு ஏற்ற கிரீடமும் போட வேண்டும். அதனால்தான் பல சாம்ப்ளர்களில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கிரீடங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எழுத்து. கே என்றால் கிங், டி என்றால் டியூக், ஈ என்றால் ஏர்ல். வரியின் கடைசியில் மிஞ்சிய இடத்தை நிரப்பவும் இவை வசதி.

எழுத்து வரிசையை எண்ணிப் பார்த்தால் பழையவற்றில் 26க்குப் பதில் 24தான் இருக்கும். சிறுமி மறந்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். ஐ, ஜே இரண்டுக்கும் ஒரே வடிவம், யு, வி இரண்டுக்கும் ஒரே வடிவம் என்றுதான் பழைய வழக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

இங்கே ஸ்காட்லாந்துக்கே உரிய ஒரு சூழ்நிலையைச் சொல்லியாக வேண்டும். பைபிளை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டும் என்பது அங்கே வேரூன்றிய பிரஸ்பிட்டீரியன் திருச்சபையின் பிடிவாதம். 1696ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்றது. எடின்பரோவில் வணிகர் சங்கத்தின் துணையோடு 1694லும், தொழிலாளர் சங்கங்களின் துணையோடு 1704லும் பெண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளிகளே தொடங்கப்பட்டன. ஆனால் படிப்பதும் எழுதுவதும் அன்று ஒரே பாடமல்ல. முதலில் வாசிப்பு. எழுத்து அப்புறம், அதுவும் தனிக் கட்டணத்தில். பெண் பிள்ளைகளில் நிறையப் பேர் வாசிப்போடும் தையலோடும் நின்றுவிட்டார்கள். சரளமாக பைபிள் வாசிக்கத் தெரிந்தும், பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் ஒரு பெருக்கல் குறியை இட்டு நகர்ந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். அதே பெருக்கல் குறியை ஆயிரக்கணக்கில் அடுக்கித்தான் கிராஸ் தையலில் பெயர் எழுதுகிறார்கள் என்பது ஒரு வேடிக்கை.

ஆக, பேனா பிடிக்காத கைக்கு ஊசிதான் எழுதுகோல். கிராஸ் தையல் இதற்குத் தோதானது. துணியின் குறுக்கிழை, நெடுக்கிழைகளை எண்ணி எண்ணிப் போடுவதால், கோடு போட்ட கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக நிரப்புவது போல எழுத்து தானாக உருவாகும். கையெழுத்து அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை, எண்ணிக்கை தவறாமல் இருந்தால் போதும்.

இந்தக் கல்விக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆண்ட்ரூ பெல் என்பவர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1753இல் பிறந்தவர். 1789இல் எழும்பூரில் தொடங்கிய, ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியவர். இங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லித் தருவதையும் கண்டு அதையே தம் பள்ளியின் முறையாக்கினார். 1797இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுவதும் பரவியபோது, பெண் பிள்ளைகளின் தையல் வகுப்பும் அதே வழியில் நடந்தது: மூத்த மாணவி இளையவளுக்குக் கற்றுத் தருவது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

இனி அந்த இரண்டிரண்டு எழுத்துகளுக்கு வருவோம்.

அவை குடும்பத்தாரின் பெயர், குடும்பப் பெயர் இரண்டின் முதலெழுத்துகள். அப்பா, அம்மா, அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள், பல துணிகளில் தாத்தா பாட்டிகளும். சிலவற்றில் ஆசிரியைக்கும் இடம் கிடைத்திருக்கும். இங்கிலாந்துச் சாம்ப்ளரில் பொதுவாகத் தைத்தவள் பெயர் மட்டும் இருக்கும், ஸ்காட்லாந்துச் சிறுமியோ வீட்டையே அழைத்து வந்து உட்கார வைத்துவிடுவாள். பெயர் தெரியாத ஒரு சாம்ப்ளர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்ததா என்று கேட்டால், நான் முதலில் தேடுவது இந்தக் கூட்டத்தைத்தான். மயிலையோ வீட்டையோ அல்ல.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை ஜேம்ஸ் ராபர்ட்சன், தாய் மார்கரெட் ஸ்காட். மகளின் துணியில் பெற்றோர் 'ஐ.ஆர்., எம்.எஸ்.' என்று வருவார்கள். ஜேம்ஸுக்கு ஏன் ஐ? முன்பு சொன்ன அதே கதை: ஐயும் ஜேயும் ஒன்று. ஜான், ஜேனட், ஜீன் எல்லோருமே ஐதான். அம்மாவுக்கு ஏன் எம்.எஸ்., எம்.ஆர். இல்லையா? இதுதான் ஸ்காட்லாந்தின் தனித்தன்மை. அங்கே திருமணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரை இழக்கவில்லை. பத்திரங்களிலும் கல்லறைக் கல்லிலும்கூட அந்தப் பெயரே தொடர்ந்தது. ஆகவே முதல் இரண்டு ஜோடிகளில் இரண்டாம் எழுத்து வேறு வேறாக இருந்தால் அது பெற்றோராக இருக்க வாய்ப்பு அதிகம். தொடர்ந்து வரும் ஜோடிகள் எல்லாம் ஆர் என்று முடிந்தால் பிள்ளைகள். எம் எழுத்தோடு ஒட்டினாற்போல் ஒரு சிறிய சி தெரிந்தால் அது 'மெக்' என்று தொடங்கும் குடும்பப் பெயர்.

பிள்ளைகளின் பெயர்களிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். எல்லாக் குடும்பமும் கறாராகப் பின்பற்றியது என்று சொல்ல முடியாது, ஆனால் பரவலான வழக்கம். தாத்தா பெயரைத் தாங்கி வருபவன் பேரன் என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆராய்பவர்களுக்கு இது பெரிய துப்பு: பிள்ளைகளின் வரிசை தெரிந்தால் தாத்தா பாட்டி பெயரை ஊகிக்கலாம்.

அப்புறம் நிறம். பல துணிகளில் சில ஜோடிகள் மட்டும் கறுப்பு நூலில் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் இறந்துபோனவர்கள். குழந்தைகள் அடிக்கடி இறந்த காலம் அது, ஒன்பது வயதுச் சிறுமி தன் தம்பியின் எழுத்துகளைக் கறுப்பில் தைப்பது அபூர்வமல்ல. ஆனால் கறுப்பைக் கண்டவுடன் துக்கம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கையில் அந்த நூல்தான் இருந்தது என்பதும் காரணமாகலாம். வேறு சான்றோடு சேர்ந்தால்தான் நம்பலாம்.

மயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். கிறித்தவக் கலையில் மயில் அழியாமையின் சின்னம் என்பது உண்மை, அதனால் இந்த மயிலுக்கும் அதே பொருள் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆசிரியை தன் மாதிரியிலிருந்து கொடுத்தார், சிறுமி எண்ணித் தைத்தாள், அழகாக வந்தது, அவளிடமிருந்து அடுத்தவள் எடுத்தாள். பெரும்பாலும் இவ்வளவுதான் நடந்திருக்கும். பழத்தோடும் பாம்போடும் நிற்கும் ஆதாம் ஏவாளுக்குப் பொருள் தேட வேண்டியதில்லை, பைபிள் வகுப்பிலிருந்து நேராக வந்தவர்கள். பெரிய கட்டடம் ஒன்று இருந்தால் சில நேரம் அது சாலமோனின் ஆலயம். சாதாரண வீட்டைப் பார்த்து 'இது அவளுடைய சொந்த வீடாக்கும்' என்று உருகுவதற்கு முன், அதே வீடு இன்னும் நான்கு சாம்ப்ளர்களில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஒரே பள்ளியில் படித்தவர்களைக் கண்டுபிடிக்கும் வழியும் அதுவே. ஒரே வீடு, ஒரே கரை, ஒரே நாய் என்றால் ஒரே ஆசிரியை.

வாசகங்களில் திரும்பத் திரும்ப வருவது பிரசங்கி 12:1. "நீ உன் வாலிபப்பிராயத்திலே உன் சிருஷ்டிகரை நினை" என்பது. சிறுவயதிலேயே சாவைக் கண்ட பிள்ளைகளுக்கு இதைத் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். நவோமி டாரன்ட் என்ற ஆய்வாளர் 1700 முதல் 1872 வரையிலான ஸ்காட்லாந்துச் சிறுமியர் சாம்ப்ளர்களைப் பற்றி எழுதிய நூலுக்கே இந்த வசனத்தைத்தான் தலைப்பாக வைத்தார்.

துணி, நூல் பற்றிக் கொஞ்சம். அடித்துணி லினன் அல்லது மெல்லிய கம்பளி. லினன் நீடித்து உழைக்கும். கம்பளியில் தைப்பது எளிது, ஆனால் பூச்சிக்குப் பிரியமான உணவு, அந்த வகையில் ஓட்டையில்லாமல் வந்திருப்பவை அதிர்ஷ்டசாலிகள். நூல் பட்டு அல்லது கம்பளி. கிராஸ் தையலைத் தவிர, ஒரு புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் இழுத்து நடுவில் சிறு துளை விழச் செய்யும் ஒரு தையலையும் எழுத்துகளில் காணலாம்.

சாயங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இயற்கையானவை. அப்போது பச்சைக்கென்று தனிச் சாயம் இல்லை, அவுரி நீலமும் ஒரு தாவர மஞ்சளும் சேர்ந்தால்தான் பச்சை. வெளிச்சத்தில் மஞ்சள் முதலில் வெளுத்துவிடும், நீலம் தங்கும். அதனால் சாம்ப்ளரில் நீல மரங்களும் நீலப் புல்லும் கண்டால் சிறுமியின் கற்பனை என்று எண்ண வேண்டாம். துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். வெளிச்சம் படாத அந்தப் பக்கத்தில் சிவப்பும் பச்சையும் நேற்றுத் தைத்ததுபோல் இருக்கும். அருங்காட்சியகங்களில் இவற்றை அரையிருட்டில் வைத்திருப்பதும் இதனால்தான்.

பிழைகளும் உண்டு. வரி முடிவதற்குள் இடம் தீர்ந்து, கடைசி எழுத்து மேலே தொற்றிக்கொண்டு நிற்கும். சில எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த 'பிழை' வேறு வகை: ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களோ வயதோ மட்டும் காணாமல் போயிருக்கும், சுற்றியுள்ள தையல் எல்லாம் பத்திரமாக இருக்கும். சிறுமி வளர்ந்து பெரியவளானாள், சாம்ப்ளர் கண்ணாடிச் சட்டத்தில் கூடத்தில் தொங்கியது, வருகிறவர்கள் எல்லாம் மனக்கணக்குப் போட்டு அவள் வயதைக் கண்டுபிடித்தார்கள். ஒருநாள் கத்தரிக்கோல் எடுத்து நூலைப் பிரித்துவிட்டாள்!

முதலெழுத்துகளாக நிற்கும் அந்தக் குடும்பக் கூட்டத்தை அடையாளம் காண ஸ்காட்லாந்து ஆவணங்கள் நன்றாகக் கைகொடுக்கின்றன. 1553 தொடங்கி 1854 வரை திருச்சபை வட்டாரப் பதிவேடுகள் இருக்கின்றன, பலவற்றில் குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் எழுதப்பட்டிருக்கும். 1855இல் அரசுப் பதிவு தொடங்கிவிட்டது. ஒரு சிறுமியின் பெயர், ஆண்டு, ஊர், கூடவே பன்னிரண்டு ஜோடி எழுத்துகள் கையில் இருந்தால், ஒரே பெயரில் ஐந்து பேர் பதிவேட்டில் இருந்தாலும் எந்த வீட்டுப் பிள்ளை என்று பொருத்திப் பார்த்துவிடலாம். லெஸ்லி டர்ஸ்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி திரட்டிய ஸ்காட்லாந்துச் சாம்ப்ளர்களில் சுமார் 70, எடின்பரோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை காட்சிக்கு வைக்கப்பட்டபோது, தைத்த சிறுமிகளின் வாழ்க்கைகளை இப்படித் தேடிக் கண்டவையும் கூடவே சொல்லப்பட்டன.

1872இல் வந்த கல்விச் சட்டம் ஐந்து முதல் பதின்மூன்று வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியைக் கட்டாயமாக்கியது. தையல் வகுப்பு அதோடு போய்விடவில்லை. ஆனால் அதில் மயில் போய், சட்டைத் தையலும் பொத்தான் துளையும் கிழிசல் அடைப்பதும் வந்தன. முன்பே அச்சிட்ட வண்ண மாதிரிகளை வைத்துத் தைக்கும் ஜெர்மானியக் கம்பளிப் பூவேலை மோகமும் வீடுகளைப் பிடித்திருந்தது. முதலெழுத்துகளைத் தைக்க அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை.

பழைய சாம்ப்ளர் ஒன்றை நேரில் பார்க்கக் கிடைத்தால் ஒன்று செய்யுங்கள். அந்தக் காலத்துக் கறுப்புச் சாயத்தில் இரும்புச் சத்து சேர்ப்பார்கள், அது காலப்போக்கில் நூலையே தின்றுவிடும். சிவப்பும் நீலமும் நிற்க, கறுப்பு மட்டும் பொடிப்பொடியாக உதிரும். அதனால் எழுத்து ஜோடிகளின் நடுவே காரணமில்லாமல் வெற்றிடம் தெரிந்தால் குனிந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். ஊசி போய்வந்த துளைகள் அங்கே இருக்கும். அவற்றை எண்ணினால் எழுத்துகளை வாசித்துவிடலாம்.